முகப்பூச்சு விற்கும் கடையும் கணக்குக் காட்ட வேண்டும்

கம்பம் கடைத்தெருவில் பூச்சிமருந்து விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரம் விற்பவருக்கும் அப்படியே. பேருந்து நிலையத்தின் ஓரத்தில் தேநீர் ஆற்றிக் கொடுப்பவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை விற்கும் மருந்துக்கடையில் உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. இத்தனை கடைகளுக்கும் நடுவில், வளையலும் ரிப்பனும் தொங்கும் பேன்சி ஸ்டோரில், மனிதத் தோலின்மேல் நாள்தோறும் இரண்டு வேளை தடவப்படும் முகப்பூச்சை விற்பதற்கு மட்டும் தனி உரிமம் எதுவும் தேவையில்லை.

இது சட்டத்தின் மறதி அன்று. சட்டம் வேறோர் இடத்தில் காவல் நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தில் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அழகுசாதனப் பொருள்களும் சேர்க்கப்பட்டன. அப்போதுதான் அதற்கு ‘மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம்’ என்ற பெயர் வந்தது. 2020 டிசம்பரில் அழகுசாதனப் பொருள்களுக்கென்றே தனி விதிகள் வெளியாயின. இவற்றின்படி, உள்நாட்டில் தயாரிப்பவர் மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அந்தப் பொருளைப் பதிவு செய்திருக்க வேண்டும். தயாரிக்கும் வாசலிலும் துறைமுக வாசலிலும் காவல் போட்டாகிவிட்டது. ஆகவே உள்ளே புழங்குவதெல்லாம் சோதிக்கப்பட்ட சரக்காகவே இருக்கும் என்பது சட்டத்தின் எண்ணம்.

அந்த இரண்டு வாசல்களையும் தொடாமல் வருகிற சரக்கு ஒன்று உண்டு. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவரின் பெட்டியில் வருகிறது. கைப்பேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பினால் கூரியரில் வருகிறது. பெயரில்லாத வெள்ளை டப்பாவில், ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்ற உறுதிமொழியோடு அழகு நிலையத்தில் கைமாறுகிறது. இம்மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில், இந்த மூன்றாம் வழியைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். கடைசியில் அந்தச் சரக்கு வந்து சேருமிடம் சில நேரங்களில் சிறுநீரகப் பிரிவாக இருக்கிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்ததை வாசகர்களில் சிலர் செய்தித்தாளில் படித்திருக்கலாம். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயோடு அங்கே வந்தாள். வழக்கமான மருந்துகள் பயன் தரவில்லை. சிறிது காலத்தில் அவளுடைய உறவினர் ஒருவரும் அதே நோயோடு வந்தார். ஒரே குடும்பத்தில் இருவருக்கு இந்த அரிய நோய் வருவானேன் என்று துருவிக் கேட்டபோது, இருவரும் ஒரே சிவப்பழகு கிரீமைப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. பிறகு இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவரும் அத்தகைய கிரீம் போட்டவர். பழைய நோயாளிகளை மீண்டும் அழைத்து விசாரித்தபோது இன்னும் பலர் அதே பதிலைச் சொன்னார்கள்.

இந்த ஆய்வு ‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற சிறுநீரக மருத்துவ இதழில் வெளியாயிற்று. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ‘மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி’ என்ற நோய் கண்டறியப்பட்ட 22 பேரில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற புரதத்தோடு தொடர்புடைய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார்கள். (இரு போகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்கள் ஐயுற வேண்டாம், இந்த ‘நெல்’லுக்கும் நம் வயலின் நெல்லுக்கும் தொடர்பில்லை. அது ஒரு புரதத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்.) அவர்களில் ஒருவருக்கு மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்துபோனது. ஆயினும் கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. என்ன காரணம் என்று தெரிந்தால் மட்டுமே அதை நிறுத்த முடியும் என்பதால் இந்தத் தகவலை முக்கியமாகக் கருதுகிறேன்.

காரணம், பாதரசம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாவதற்குத் தேவையான நொதியைப் பாதரசம் முடக்கிவிடுகிறது. ஆகவே சில வாரங்களிலேயே முகம் வெளுப்பது உண்மைதான். கிரீம் பொய் சொல்வதில்லை. ஆனால் தடவிய பாதரசம் முகத்திலேயே தங்கிவிடுவதில்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் சேர்கிறது. சிறுநீரகத்தில் உள்ள நுண்ணிய வடிகட்டிகள் பழுதடைகின்றன. இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைக்கிறது, காலையில் எழும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றன, மாலையில் கால் வீங்குகிறது. சிலருக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி ஆகியவையும் வரலாம். கருவுற்ற பெண் தடவினால் வயிற்றிலுள்ள குழந்தையையும் அது சென்றடையும். தடவியவரின் துண்டு, தலையணை உறை வழியாகவும், ஆவியாகக் காற்றில் கலந்தும், அதைத் தொடவே தொடாத வீட்டுப் பிள்ளைகளையும் அது எட்டுவதாக உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

நம் நாட்டு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. அழகுசாதனப் பொருளில் பாதரசச் சேர்மத்தைச் சேர்க்கக் கூடாது. தயாரிப்பின்போது தவிர்க்க இயலாமல் கலந்துவிட்டாலும், கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களில் பத்து லட்சத்தில் 70 பங்கையும், மற்றவற்றில் பத்து லட்சத்தில் 1 பங்கையும் அது தாண்டக் கூடாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. அதன் மூன்றாம் கட்ட முடிவுகள் 2025 ஜனவரியில் வெளியானபோது, சில உதட்டுச் சாயங்களிலும் முகப்பூச்சுகளிலும் பாதரசம் அனுமதித்த அளவைப்போல் ஏறத்தாழ 12,000 மடங்கு இருந்ததாக அந்த மாநில அரசு அறிவித்தது. இந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தில் 12,000 பங்கு என்றால் நூற்றுக்கு ஒன்றே கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. முப்பது கிராம் டப்பா ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு கிராமுக்கு மேல் பாதரசம் இருக்கும். இது தவறிக் கலந்தது அன்று; வேலை செய்ய வேண்டும் என்றே போட்டது.

கோட்டக்கல் நமக்குத் தொலைவுதான். ஆனால் கேரளம் நமக்குத் தொலைவன்று. விடியுமுன்னே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. மாலையில் திரும்பி வருகின்றன. குமுளியில் ஒரு தெருவின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். ஏலமும் மிளகும் திராட்சையும் மனிதர்களும் போய்வரும் பாதையில் முகப்பூச்சு மட்டும் சோதனைச் சாவடியில் நின்றுவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. மலைக்கு மேலே ஒரு மாநிலம் கடைகளில் மாதிரி எடுத்து ஆராயும்போது, மலைக்குக் கீழேயும் அதே வேகத்தில் அது நடக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் போன்ற சிற்றூர்களின் பேன்சி ஸ்டோர்களிலும், வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் போடப்படும் கடைகளிலும் மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். நகரத்துப் பெரிய அங்காடிகளில் மட்டும் சோதிப்பதால் பயனில்லை. பெயரில்லாத டப்பா அங்கே கிடைப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். மருந்து ஆய்வாளர்கள் சிலரே, கடைகளோ எண்ணிறந்தவை, இதில் வளையல் கடைக்கார அம்மாவையும் உரிமம் வாங்கச் சொன்னால் அவர் பிழைப்பு என்னாவது என்பார்கள். நியாயமான கேள்வி. மருந்துக்கடைக்கு உள்ளதுபோல் முழு உரிமமும் தகுதி பெற்ற மருந்தாளுநரும் வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. தேநீர்க் கடைக்கு உள்ளதுபோல் எளிய பதிவு போதும்; அதோடு, முகத்திலும் தலையிலும் பூசும் எந்தப் பொருளுக்கும் கொள்முதல் ரசீது கடையில் இருக்க வேண்டும். இவ்வளவே.

உண்மையில் இந்த ரசீதின் தேவை சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மருந்தோ அழகுசாதனப் பொருளோ தயாரிப்பவர் அல்லாத எவரிடமும், அதை யாரிடமிருந்து வாங்கினீர் என்று மருந்து ஆய்வாளர் கேட்கலாம். கேட்டால் பெயரையும் முகவரியையும் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 18ஏ பிரிவு. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் நச்சுப் பொருள் கலந்த அழகுசாதனம் ‘கலப்படமானது’ என்று 17ஈ பிரிவு வரையறுக்கிறது. அதை விற்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் ரூபாய் அல்லது பறிமுதலான சரக்கின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்தோ வணிகரிடமிருந்தோ நேர்மையாக வாங்கினேன், குறை இருப்பதை அறிய வழியில்லை என்று காட்டக்கூடிய கடைக்காரருக்கு மட்டுமே சட்டம் தப்பிக்க இடம் தருகிறது. ரசீது இல்லாமல் வாங்கி விற்ற அந்த வளையல் கடை அம்மா எதைக் காட்டுவார்? மொத்த வியாபாரி தொலைபேசியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். வழக்கு அம்மாவின் தலையில் விழும். ஆகவே ரசீது கேட்பது அவர்மேல் சுமத்தும் பாரம் அன்று. அவருக்கு நாம் கொடுக்கும் குடை.

வீட்டிலேயே சோப்பும் முகப்பொடியும் தயாரித்து விற்கும் மகளிர் குழுவினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவாரம்பூ, குப்பைமேனி, கற்றாழை என்று நம் பள்ளத்தாக்கின் பெண்கள் செய்யும் பொருள்களில் கேடு விளைவிக்கும் எண்ணம் எதுவும் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் விற்பனைக்காகத் தயாரித்தால் உரிமம் வேண்டும் என்பதே விதி. வேதியியல் அல்லது மருந்தியல் படித்த ஒருவரின் மேற்பார்வை, தயாரிப்பதற்குத் தகுந்த இடம், தொகுதிவாரியான பதிவேடு ஆகியவற்றை அது கேட்கிறது. ஒரு சிறு குழுவால் தனியாக இதைச் செய்வது கடினம். பல குழுக்களுக்குப் பொதுவாக ஒரு தயாரிப்புக் கூடத்தையும் ஒரு படித்த மேற்பார்வையாளரையும் மாவட்ட நிர்வாகம் ஏற்படுத்திக் கொடுத்தால் நல்ல தொழில் ஒன்று ஒழுங்குக்குள் வரும். ‘மூலிகை’ என்ற சொல்லை மட்டும் நம்பி நாம் ஏமாறாதிருக்கவும் அது உதவும். பாதரசம் கலந்த டப்பாவின் மேலும் ‘மூலிகை’ என்று அச்சடிக்கலாம். அச்சு மைக்கு மனசாட்சி கிடையாது.

இன்னொரு வகைச் சரக்கு, சட்டத்தின் கண்ணில் அழகுசாதனமே அன்று. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீம்கள் மருந்துகள். சில கிரீம்களில் ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவையும் சேர்ந்திருக்கும். கருந்திட்டு நோய்க்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் கலவை அது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது. ஆயினும் ‘முகத்துக்கு நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க தம்பி’ என்று கேட்டால் இதுவே கைக்கு வருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. முதல் மாதம் முகம் பளிங்காகும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரியும். பருவும் மயிரும் முளைக்கும். வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். இதற்கு ‘ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்’ என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். அட்டையின்மேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருந்து. அதை முகப்பூச்சாகக் கொடுப்பவர் தவறு செய்கிறார்.

இத்தனைக்கும் நோயாளியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் திராட்சைப் பந்தலின்கீழும் நெல் வயலிலும் நிற்கும் மனிதர்களின் ஊர் இது. கறுத்த நிறம் இங்கே உழைப்பின் நிறம். இருந்தும் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். ‘பொண்ணு கொஞ்சம் மாநிறம்’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு குடும்பமே குனிந்துபோவதைக் காண்கிறோம். அந்தக் குடும்பம் திருமணத்துக்கு மூன்று மாதம் முன்னே ஒரு டப்பா வாங்கினால், அது அறியாமை என்று கடந்துபோவது எளிது. மாப்பிள்ளை வீட்டாரின் வாயைச் சட்டத்தால் கட்ட முடியாது. கடையையும் தயாரிப்பாளரையும் கட்ட முடியும். அதனால்தான் இக்கட்டுரையில் அதையே பேசுகிறேன்.

மருத்துவமனைக்கும் இதில் பங்குண்டு. ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கிறோம், தடவுவதைக் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வருவது கடினம். ‘அம்மா, முகத்துக்கு என்ன போடுறீங்க?’ என்றால், ‘ஒண்ணும் போடலையே தம்பி, பவுடர் மட்டுந்தான்’ என்பார்கள். ‘இந்தக் கிரீம் ஏதாவது?’ என்று மறுபடி கேட்டால், ‘அது எல்லாரும் போடுறதுதானே, அதையா கேட்டீங்க?’ என்று வியப்பார்கள். எல்லாரும் போடுவதால் அது மருந்துமில்லை, நஞ்சுமில்லை என்ற எண்ணம். அந்தச் சிறுமிக்கும் அவளுடைய உறவினருக்கும் விடை கிடைத்தது ஒரு மருத்துவர் இந்த இரண்டாம் கேள்வியையும் கேட்டதால்தான். சிறுநீரில் புரதம் காணப்படும் ஒவ்வொருவரிடமும், ஆணாயினும் பெண்ணாயினும், முகப்பூச்சு, தலைச்சாயம், நாட்டு மருந்து ஆகிய மூன்றையும் பற்றிக் கேட்டு நோய்க்குறிப்பில் எழுதுவது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும்.

தலைச்சாயத்தைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாராஃபினிலீன்டையமின் கலந்த தலைச்சாயத்தின் உறையில், முதலில் சிறிதளவு தோலில் தடவிப் பார்க்க வேண்டும் என்றும், புருவத்துக்கும் இமைமயிருக்கும் பூசினால் பார்வை போகக்கூடும் என்றும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரிகளை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? ஊசி முனையளவு எழுத்தில் அச்சிட்டால் படிக்கவும் முடியாது என்பது வேறு.

உலக அளவிலும் இந்த நஞ்சை ஒழிக்க முயற்சி நடக்கிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலைப் பாதரசம் கலந்து, அங்கே பிடித்த மீனை உண்டவர்கள் பெருந்துயருற்றார்கள். 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அவ்வூரின் பெயரால் அமைந்த பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2018இல் முறைப்படி இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களுக்கு 2025க்குள் முடிவு கட்ட வேண்டும் என்று 2023இல் அதன் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறிவிட்டது. அது க.விலக்குக்கும் போடிக்கும் வந்து சேர்வது, கடைக்காரரிடம் ரசீது கேட்கப்படுகிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது.

அரசு செய்யும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்காகச் சில செய்திகள். முறையாகத் தயாரித்த பொருளின் உறையில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தத் தகுந்த காலம், கலந்துள்ள பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்கும். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டு எழுத்துகள் மட்டுமே இருந்து, இந்திய முகவரி எதுவும் இல்லையானால் அந்தப் பொருள் வாசல் வழியாக வந்ததன்று. பட்டியலில் மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ் குளோரைடு, கலோமெல் என்ற சொற்களில் ஏதேனும் தென்பட்டால் தொட வேண்டாம். தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படக் கூடாது என்று ஒரு முகப்பூச்சின் குறிப்பு சொன்னால் அதுவும் பாதரசத்தின் அடையாளம். நகையைக் காக்கச் சொல்லும் அந்தக் குறிப்பு முகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே பாதரசம் இல்லை என்று கொள்ளவும் முடியாது. இரண்டு வாரத்தில் நிறம் மாறும் என்ற வாக்குறுதியே ஐயப்படப் போதுமானது.

ரசீது கேட்டு வாங்குங்கள். ஐயம் வந்தால் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். தாம் விலை கொடுத்து வாங்கிய பொருளை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பி அறிக்கை பெறும் உரிமையைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு எந்த ஒருவருக்கும் தருகிறது. நுகர்வோர் சங்கங்களும் இதைச் செய்யலாம். இந்தப் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. ஓர் ஊரின் நுகர்வோர் சங்கம் ஆண்டுக்கு நான்கு டப்பாக்களை அனுப்பினாலே கடைத்தெருவில் பேச்சு பரவும்.

ஏற்கெனவே அத்தகைய கிரீம் பயன்படுத்தி வருபவர்கள் அஞ்ச வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பாதரச ஐயமுள்ள கிரீமை உடனே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு கிரீமாக இருக்கலாம் என்று தோன்றினால் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். சடாரென்று விட்டால் முகம் கடுமையாகச் சிவந்து எரியக்கூடும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய, செலவு குறைந்த சோதனை. இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் அதை முதல் வேலையாகச் செய்வது நல்லது. சிறுநீரக நோய்க்கு ஏற்கெனவே மருத்துவம் பெறுபவர்கள், கிரீமை நிறுத்திவிட்டோமே என்று எண்ணி மாத்திரைகளைத் தாமாகக் குறைத்துவிடக் கூடாது.

மீதமுள்ள டப்பாவை வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாதீர்கள். மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, உறையும் ரசீதும் இருந்தால் அவற்றையும் சேர்த்து, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைப் பையோடு எடுத்து வாருங்கள். மருத்துவரிடம் காட்டிய பிறகு மருந்தகச் சாளரத்துக்கும் கொண்டு வாருங்கள். உறையில் எழுதியிருப்பதை உங்களோடு சேர்ந்து படித்துச் சொல்கிறோம்.